முதலில் மேசை, பிறகுதான் பிரஸ்

டெக்சஸில் எங்கள் வீட்டு கராஜில் ஒரு மேசை இருக்கிறது. அதில் நான் தோட்டா நிரப்புகிறேன். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்களிடம் இதைச் சொன்னால், ஒரு கணம் பேச்சே நின்றுவிடும். அமெரிக்காவில் இது மீன் பிடிப்பதைப் போல, தச்சு வேலையைப் போல, வீட்டோடு செய்கிற பழைய பொழுதுபோக்கு. சுட்டு முடித்த பித்தளை உறையைப் பொறுக்கி எடுத்து, சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி தரும் புது பிரைமர் பொருத்தி, பவுடர் அளந்து போட்டு, தலையில் குண்டை அழுத்தி வைத்தால் மறுபடியும் அது தோட்டா. ரீலோடிங் என்பது இவ்வளவுதான். உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் கூட்டாட்சிச் சட்டப்படி இதற்கு உரிமம் வேண்டாம். விற்பதற்கென்று செய்தால் உரிமம் கட்டாயம்.

மேசைக்குள் போவதற்கு முன் இரண்டு விஷயம். இந்தியாவில் இருக்கிறவர்கள் இதைச் செய்ய நினைக்க வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இன்னொன்று, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதற்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நான் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் பக்கமே போனேன். வேலைக்கு வந்து சில மாதங்களில் நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று கிளம்புகிறவர்கள், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி மேசை. இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உறையை அழுத்தும் கருவியான பிரஸ்ஸில்தான் தொடங்குகிறார்கள். ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கரா, லீயா, ஹார்னடியா, டில்லன் 550ஆ என்று மாதக்கணக்கில் யோசித்து, நல்ல விலை கொடுத்து வாங்கி வந்து, கடைசியில் அதை ஒரு மடக்கு மேசையில் பூட்டுகிறார்கள். என் கருத்து நேர் எதிரானது. பிரஸ் எதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம். லீ நிறுவனம் ஒரு பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டியே தோட்டா நிரப்பும் சின்னக் கருவிப்பெட்டி கூட விற்றிருக்கிறது. அதிலேயே தொடங்கித் துல்லியமாகச் சுட்டவர்கள் உண்டு. மேசை ஆடினால் மட்டும் எதுவும் சரியாக வராது. தராசு ஆடும், பவுடர் அளவு மாறும், பிரைமர் கோணலாக உட்காரும், கை களைத்துப்போகும். களைத்த கையும் அலைபாயும் கவனமும்தான் இந்த வேலையில் ஆபத்து.

ரேஞ்சில் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். என் மேசையைப் பார்க்க வந்தபோது பிரஸ் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வந்து இடுப்பால் மேசை விளிம்பை ஒரு இடி இடித்தார். மேலே வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் அசைகிறதா என்று குனிந்து பார்த்தார். அசையவில்லை. "சரி, இப்போது பிரஸ்ஸைக் காட்டு" என்றார். எனக்கு அன்று கிடைத்த சான்றிதழ் அதுதான்.

மேசை ஏன் இவ்வளவு திடமாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. .30-06 போன்ற நீளமான ரைஃபிள் உறையைப் பழைய அளவுக்கு அழுத்தும்போது கைப்பிடியில் உடம்பின் பாரத்தையே போட வேண்டியிருக்கும். அந்தப் பாரம் மேசையின் முன்விளிம்பைக் கீழே தள்ளும். கைப்பிடியைத் திரும்பத் தூக்கும்போது, பிரஸ்ஸில் பூட்டும் அச்சான டையின் நடுவில் இருக்கும் உருண்டை உறையின் கழுத்து வழியே பிடித்து இழுத்துக்கொண்டு வரும். அப்போது கை மேசையின் முன்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும். ஆக மேசை முன்னாலும் கவிழக் கூடாது, மேலேயும் எழும்பக் கூடாது. எடை மட்டும் கூட்டினால் இந்த இரண்டும் ஓரளவுக்குத்தான் தீரும். முழுவதும் தீர வேண்டுமென்றால் மேசையைச் சுவரோடு பிணைத்துவிட வேண்டும். அமெரிக்க வீட்டுச் சுவர்களுக்குள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டங்கள் நிற்கும். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, மேசையின் பின்சட்டத்தை நீளமான தடித்த ஸ்க்ரூக்களால் அவற்றோடு இறுக்க வேண்டும். வெறும் ஜிப்சம் பலகையில் ஸ்க்ரூ அடித்தால் ஒரே வாரத்தில் கையோடு வந்துவிடும். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்கி எடையைக் கூட்டிக்கொள்ளலாம். அதுவும் பரவாயில்லை, ஆனால் சுவருக்கு ஈடாகாது.

மரம் வாங்கும்போது ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நாலுக்கு எட்டு அடி, முக்கால் அங்குல ப்ளைவுட் ஒன்று வாங்கி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், இரண்டடி அகலத்தில் எட்டடி நீளத்தில் இரண்டு துண்டு கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி, அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டால் ஒன்றரை அங்குலத் தடிமனில் மேற்பலகை தயார். கடையிலேயே பிளந்து கொடுப்பார்கள். எங்கள் கராஜில் ஆறடிக்குத்தான் இடம். மிச்சம் வந்த இரண்டடித் துண்டுகள் கீழ்த்தட்டுக்குப் போயின. கால்களுக்கு நாலுக்கு நாலு கட்டை. பெயர்தான் நாலு, அளந்தால் மூன்றரை அங்குலம்தான் இருக்கும். வரைபடம் போடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூலைமட்டம் வைத்துப் பார்த்துச் சட்டத்தைப் பூட்டுங்கள். அமெரிக்க ரீலோடிங் உற்பத்தியாளர் சங்கம் முன்பு வெளியிட்ட ஒரு மேசை வரைபடம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பலர் அதை அப்படியே கட்டுகிறார்கள். நல்ல வரைபடம்தான். ஆனால் மேசையின் உயரம் உங்கள் முழங்கைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும், வரைபடத்துக்கு ஏற்றபடி இல்லை.

கராஜ் தரையில் ஒரு சூட்சுமம் உண்டு. காரிலிருந்து வடியும் மழைத்தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று கதவுப் பக்கம் வாட்டம் கொடுத்துத்தான் கான்கிரீட் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ரசமட்டத்துக்குத் தெரியும். மேசைக் கால்களில் திருகி உயர்த்தும் பாதங்களைப் போட்டு, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் குமிழி நடுவில் நிற்கும்வரை சரிசெய்த பிறகே சுவரோடு இறுக்க வேண்டும். முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு சமன்படுத்தினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

பிரஸ்ஸை எங்கே பூட்டுவது? மேசையின் நட்டநடுவில் பூட்டுகிறவர்கள் அதிகம். பார்வைக்கு அழகாக இருக்கும். பலகை வளைவதும் அங்கேதான். காலுக்கு நேர் மேலே, அல்லது ஒரு சாணுக்குள் பூட்டுங்கள். மேலிருந்து மர ஸ்க்ரூ போடாதீர்கள். பலகையைத் துளைத்து போல்ட் இறக்கி, அடியில் அகலமான வாஷர், முடிந்தால் ஓர் இரும்புப் பட்டை வைத்து நட்டு போடுங்கள். சில பிரஸ்களில் இணைப்புக் கம்பிகள் மேசை விளிம்புக்குக் கீழே இறங்கி வரும். அந்த இடத்தில் இழுப்பறை வைத்தால் இழுப்பறை உடையும். டைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான பிரஸ்களும் டைகளும் ஏழு-எட்டில் அங்குலம், அங்குலத்துக்குப் பதினான்கு மரை என்ற ஒரே அளவில் வருகின்றன. ஒரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் இன்னொரு நிறுவனத்தின் டை உட்காரும்.

மேற்பலகைக்கு மேல் ஒரு ஹார்ட்போர்டு தகடு போட்டு வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். பவுடர் துகள்கள் கருஞ்சாம்பல் நிறம். மரநிறத்தில் சிந்தினால் தெரியாது, வெள்ளையில் ஒரு துகள் விழுந்தாலும் கண்ணில் படும். பழசானால் தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பின்விளிம்பில் ஒரு விரல் உயரத்துக்கு மரப்பட்டி அடித்துவிட்டேன். உருண்டுபோன பிரைமரைச் சுவர் இடுக்கில் தேடும் வேலை இல்லை.

தராசுக்கு வருவோம். பவுடரை கிரெய்ன் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன்; ஒரு கிரெய்ன் 0.065 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும். இந்த நுட்பத்தில் காற்றே எதிரி. ஏ.சி. காற்று வரும் துவாரத்துக்கு நேராகவோ, மின்விசிறிக்குக் கீழேயோ தராசு இருந்தால் எண் நிலைகொள்ளாது. அதனால் தராசைப் பிரஸ் இருக்கும் பலகையில் வைக்காமல், சுவரில் தனியாகக் கண் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு தட்டு அடித்து வைத்திருக்கிறேன். கைப்பிடியின் அதிர்வு அங்கே போகாது. குனியாமல் எண்ணைப் படிக்கலாம். எலெக்ட்ரானிக் தராசு என்றால் முன்கூட்டியே போட்டுவிட்டுச் சூடேற விட வேண்டும். செல்போனைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. சோதனை எடைக்கல் வைத்துப் பார்க்காமல் எந்த நாளும் தொடங்குவதில்லை.

வெளிச்சத்தில் கஞ்சத்தனம் கூடாது. தலைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் உங்கள் நிழலையே மேசையில் போடும். மேசைக்கு மேலே முன்பக்கமாக ஓர் எல்.இ.டி. பட்டை, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்ன டார்ச். டார்ச் எதற்கு என்றால், உறைகளை நிறுத்தி வைக்கும் துளைப்பலகையில் பவுடர் போட்டு முடித்ததும், குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் அடித்துப் பார்ப்பதற்கு. எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் பவுடர் தெரிய வேண்டும். ஒன்றில் பவுடரே இல்லையென்றால், பிரைமர் வெடிக்கிற வேகத்தில் குண்டு குழலின் பாதியில் போய் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம். ஒன்றில் இரண்டு மடங்கு விழுந்திருந்தால் துப்பாக்கியே முகத்துக்கு முன்னால் சிதறலாம். பிஸ்டல் உறைகளில் சில பவுடர்கள் பாதி கூட நிறையாது. இரண்டாவது முறை போட்டாலும் உறை வழியாமல் வாங்கிக்கொள்ளும். இந்த டார்ச் பார்வையை விட்டுவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த பிரஸ் வைத்திருந்தும் பிரயோசனம் இல்லை.

அதனால்தான் மேசையின் அமைப்பே ஒழுங்கைக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறேன். வேலை இடமிருந்து வலமாகப் போகும்: உறைப்பெட்டி, பிரஸ், பிரைமர் தட்டு, தராசு, துளைப்பலகை, முடிந்தவை. வேலை நேரத்தில் மேசைமேல் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கும். இரண்டு டப்பா வைக்க இடமே விடவில்லை. வேலை முடிந்ததும் அளவுக் குடுவையில் மிஞ்சியதை அதே டப்பாவுக்கு உடனே திருப்பிக் கொட்டிவிட வேண்டும். ராத்திரி முழுக்க விட்டால் பவுடரில் இருக்கும் ரசாயனம் பிளாஸ்டிக்கை அரிக்கும். காலையில் அது எந்தப் பவுடர் என்ற சந்தேகமும் வரும். சந்தேகம் வந்த பவுடரை மறுபடி பயன்படுத்தவே கூடாது. பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், எரிகிற வேகம் மட்டும் வேறு வேறு.

வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கராஜ் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் யாரும் கூப்பிடக் கூடாது. ஆரம்பத்தில் மனைவி, "ஏங்க, தோசை ஆறுது, ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போங்களேன்" என்பாள். பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து போனால், திரும்பி வந்து எந்த உறையில் விட்டோம் என்று நினைவில் இருக்காது. காரணத்தை ஒருநாள் உட்கார வைத்து விளக்கினேன். இப்போது அந்தத் துணியை என்னைவிட அவள்தான் கண்டிப்பாகக் காக்கிறாள். தவிர்க்க முடியாமல் எழுந்தால், பாதியில் நிற்கும் துளைப்பலகையின் பவுடர் முழுவதையும் டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் விதி.

இனி, பவுடரை எங்கே வைப்பது. மேசையில் வைக்காதீர்கள், கராஜிலும் வேண்டாம். டெக்சஸ் கோடையில் மூடிய கராஜுக்குள் சூடு தாங்காது. நீடித்த சூட்டில் பவுடர் கெட்டுப்போகும். கெட்ட பவுடர் டப்பாவைத் திறந்தால் காட்டமான அமில நெடி வரும், சில நேரம் செந்நிறப் புகை. இரண்டாவது, பல கராஜ்களில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருக்கும். அதை 18 அங்குலம் உயர்த்தி வைக்கச் சொல்லும் விதி பெட்ரோல் ஆவியை மனதில் வைத்து எழுதப்பட்டது. பவுடருக்கு அது பாதுகாப்பு ஆகாது. நான் வீட்டுக்குள் குளுமையான ஓர் அலமாரியில், பூட்டி வைத்திருக்கிறேன்.

பலரும் செய்கிற காரியம், துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியிலேயே பவுடரையும் போட்டுப் பூட்டுவது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் புகையில்லாப் பவுடர் திறந்த வெளியில் வேகமாக எரியும், அவ்வளவே. இறுக்கி அடைத்த இரும்புக்குள் எரிந்தால் வாயு வெளியேற வழியில்லாமல் பெட்டியே வெடிகுண்டாகிவிடும். அதனால்தான் அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 495 விதி மரப்பெட்டி கேட்கிறது. வீட்டில் 20 பவுண்டு வரை, வாங்கிய டப்பாவிலேயே வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஒரு அங்குலத் தடிமன் மரப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். மரம் சூட்டை உள்ளே விடத் தாமதிக்கும். அழுத்தம் கூடினால் பிரிந்து வழிவிடும். பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், ஊர்த் தீயணைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். பிரைமர்களை ஒருபோதும் ஒரு பாட்டிலில் கொட்டி மொத்தமாக வைக்காதீர்கள். கடையில் வரும் தட்டில் ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி இருப்பது, ஒன்று வெடித்தால் மற்றவை சேர்ந்து வெடிக்காமல் இருக்கத்தான்.

தீயணைப்பான் வேண்டும், ஆனால் மேசைக்கு மேலே மாட்டாதீர்கள். வெளிக்கதவுக்குப் பக்கத்தில் மாட்டினால், அதை எடுக்க ஓடும்போதே வெளியேறும் வழிக்கு வந்துவிடுவீர்கள். பவுடருக்கு எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பவுடரில் பிடித்த தீயை மூச்சுமுட்ட வைத்து அணைக்க முடியாது. அந்த நிலை வந்தால் வெளியே போய், வரும் தீயணைப்பு வீரர்களிடம் உள்ளே என்ன, எங்கே இருக்கிறது என்று சொல்வது நம் கடமை.

ஈயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குழந்தை இருக்கும் வீடுகளில் எனக்கு இதுதான் பெரிய கவலை. பெரும்பாலான பிரைமர்களில் ஈயக் கூட்டுப்பொருள் இருக்கிறது. சுட்ட உறைக்குள் அந்தக் கரி ஒட்டியிருக்கும். உலர்ந்த சோளச்சக்கையில் உறைகளைச் சுழற்றிச் சுத்தம் செய்தால் மூடியைத் திறக்கும்போது அந்தத் தூசி எழும்பும். நான் தண்ணீரில் எஃகு ஊசிகளைப் போட்டுச் சுழற்றும் முறைக்கு மாறிவிட்டேன். மேசைக்குக் கீழே கார்ப்பெட் கூடாது. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது. ஈயத்தூசியை அது அறை முழுக்கப் பரப்பும். சிந்திய பவுடரை உறிஞ்சினால் மோட்டார் பொறியில் தீப்பிடிக்கவும் செய்யும். அந்த மேசையில் காபி டம்ளர் வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு அளவே இல்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெளிவாகச் சொல்கிறது.

மரம், பலகை, ஸ்க்ரூ, விளக்கு எல்லாம் சேர்த்தும் என் பிரஸ்ஸின் விலைக்குக் கீழேதான் வந்தது. அதனால் பணத்தைக் காரணம் காட்டி மேசையைத் தள்ளிப் போடாதீர்கள். மரம் வாங்கப் போவதற்கு முன் லைமன், ஹார்னடி, ஸ்பியர் இவற்றில் ஒரு கையேடு வாங்கி, அட்டவணைகளுக்கு முன்னால் இருக்கும் பகுதியை முழுவதும் படியுங்கள். பவுடர் அளவை அந்தப் புத்தகத்திலிருந்தோ, பவுடர் நிறுவனம் வெளியிட்ட அட்டவணையிலிருந்தோ மட்டும் எடுங்கள்; என்னிடமோ நண்பரிடமோ கேட்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். முதல் பெட்டித் தோட்டாக்களை, பல வருடம் இதைச் செய்த ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது நிரப்புங்கள்.